வயிற்று வலி என்று எழுதாதே

தொண்ணூறுகளில் கோவையில் நான் வேலை பார்த்த நாளிதழில் மனநோய் என்ற ஒன்றே கிடையாது. வயிற்று வலிதான் உண்டு. யாராவது தன்னை மாய்த்துக்கொண்டால், 'தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்தார்' என்று ஒரு வரி. வீட்டார் போலீஸ் ஸ்டேஷனில் அப்படித்தான் சொல்வார்கள். ஸ்டேஷனில் அப்படித்தான் எழுதுவார்கள். நாங்களும் அதையே அச்சேற்றுவோம். கொங்கு நாட்டு வயிறுகளுக்கு அப்படி என்னதான் கேடு என்று ஒருநாள் செய்தி ஆசிரியரிடம் கேட்டேன். அந்த வீட்டில் நாளைக்குப் பெண் எடுக்க வேண்டாமா, கொடுக்க வேண்டாமா என்றார். அவர் கெட்டவர் அல்ல. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

எங்கள் துடியலூர் வீட்டிலும் ஒரு வயிற்று வலி இருந்தது. என் அக்கா. பிரசவத்துக்குப் பிறகு தூக்கம் போய், பேச்சும் போய், பிள்ளையைத் தொடவே பயந்தாள். புகுந்த வீட்டில் பேய் பிடித்துவிட்டது என்று கைக்குழந்தையோடு திருப்பி அனுப்பினார்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையில் தேறி, தையல் மிஷினில் உட்கார்ந்தபடி எங்களையெல்லாம் அதட்டும் அளவுக்கு வந்துவிட்டாள். உறவுக்காரர்கள் வந்தால் மட்டும் அந்த மாத்திரை அரிசிப் பானைக்குள் போய்விடும். அது அம்மாவின் ஏற்பாடு.

அக்காவைப் பற்றி என் பெயரிலேயே எழுதுவது என்று முடிவு செய்தேன். அந்த வாரம்தான் கோபிசெட்டிபாளையத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். கல்யாணம் முடிந்தபிறகு எழுதினால் குடியா முழுகிவிடும் என்று அம்மா அழுதாள். மறைத்துவைத்துத் தாலி கட்டிக்கொண்டால் காலம் முழுக்க எனக்கும் அரிசிப் பானைதான் என்றேன். அக்கா மிஷினை நிறுத்தினாள்.

"எழுதிப்போடு கண்ணு. வவுத்து வலின்னு மட்டும் எழுதிப்போடாத."

செய்தி ஆசிரியரின் கைக்குப் போகாத ஞாயிறு இணைப்பில் கட்டுரை வந்தது. கோபிக்காரர்கள் வரவில்லை. வராவிட்டால் போகட்டும். குடும்ப மானம் கப்பலேறிவிட்டது என்றார்கள் சொந்தக்காரர்கள். எங்களுக்கு இருந்தது ஓர் ஓட்டு வீடும் ஒரு தையல் மிஷினும்தான், கப்பலில் ஏற்ற என்ன இருக்கிறது என்று கேட்டேன். அம்மா மட்டும் என்னோடு பேசவில்லை. அது வலித்தது.

சில நாள் கழித்துப் பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஓர் அம்மாள் பஸ் ஏறி அலுவலகத்துக்கு வந்தார். அக்காவைப் பற்றி எழுதியது நான்தானா என்று கேட்டு உறுதி செய்துகொண்டார்.

"ஏனுங்க அம்மணி, எம் புள்ள வவுத்து வலியில போயிட்டாள்னு உங்க பேப்பர்ல வந்துச்சுங்க. நாங்கதான் அப்படிச் சொன்னோம். அவளுக்கு வவுறு நல்லாத்தானுங்க இருந்துச்சு. மாத்தி எழுதுவீங்களா?"

எதிர் மேஜையிலிருந்து செய்தி ஆசிரியர் வேண்டாம் என்று தலையசைத்தார். நான் அவருக்கு முதுகு காட்டி என் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

"உக்காருங்கம்மா. உங்க புள்ள எப்படி இருப்பா, அதுல இருந்து சொல்லுங்க."