மிஸ்ஸியிடம் கேட்காமல் செய்த கேக்

றம்ஸியா வீட்டில் கேக் அடித்து விற்கத் தொடங்கிய வருடம், அவளை நம்பி முதல் ஓடர் கொடுத்தவர் எமில்டா மிஸ்ஸி. கல்முனைக்குடியில் ஒரு முஸ்லிம் பெண்ணின் குசினியில் கிறிஸ்மஸ் கேக்கா என்று முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் இரண்டு பக்கத்திலும் சிரித்தார்கள். மிஸ்ஸி சிரிக்கவில்லை. "பிராந்தி வேணாம் புள்ள. தேனும் ரோஸ் வோட்டரும் ஊத்திப் பழத்தை ஊற வை, போதும்" என்றார்.

முப்பத்திநாலு வருடம் ஆஸ்பத்திரிகளில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் டிலானி கனடாவில். ஒவ்வொரு டிசம்பரிலும் மூன்று கிலோ கேக் எடுப்பார். ரவையும் கஜுவும் சீனிப்பாகில் ஊறிய பூசணித் தோசியும் பட்டரும் தாராளமாகப் போட்ட கேக். அதைத் துண்டு துண்டாக எண்ணெய்க் கடதாசியில் சுற்றித் தகரப் பேணியில் அடுக்கி, ஜனவரி முடியும்வரை வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார். பதினோரு வருடம் இப்படியே போனது.

இதற்கிடையில் றம்ஸியாவின் கணவன் ஹாதிக்குக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, வந்தது. அவருக்காகத்தான் அவள் வேறு விதமாகச் செய்யப் பழகினாள். சீனியை மூன்றில் ஒரு பங்காக்கி, பேரீச்சம்பழத்தை வெந்நீரில் ஊறவைத்து அரைத்துச் சேர்த்தாள். பட்டரில் பாதிக்குப் பதிலாகத் தயிர். முதல் நாலைந்து தடவை களி மாதிரி வந்தது. பிறகு கை பிடிபட்டது. சாப்பிட்டவர்கள் மெச்சினார்கள். அந்தப் பெருமை அவளுக்கு இருந்தது.

பன்னிரண்டாம் வருடம் மிஸ்ஸி வழமை போல ஓடர் சொல்லி இரண்டு நாளில் டிலானி அழைத்தாள்.

"அக்கா, அம்மாக்குச் சீனி கூடிட்டுது. நீங்க உங்கட சீனி குறைஞ்ச கேக்கையே செஞ்சு குடுங்க. ஆனா அம்மாட்டச் சொல்லாதீங்க. சொன்னா விடமாட்டா."

"மிஸ்ஸிக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா நல்லம் தானே?"

"கேட்டா வேணாம் எண்டுதான் சொல்லுவா. அவட நல்லதுக்குத்தானே அக்கா."

றம்ஸியா ஓம் என்றாள். நல்ல காரியம் செய்கிறோம் என்றே நினைத்தாள்.

பட்டரும் சீனியும் நிறைந்த கேக் மாதக்கணக்கில் கிடக்கும். தயிரும் பழமும் போட்டது நாலு நாளுக்கு மேல் வெளியில் தாங்காது. இது அவளுக்குத் தெரியும். கேக்கைக் கொடுக்கும்போது, ஃப்ரிட்ஜில் வையுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? பேசாமல் விட்டுவிட்டாள்.

ஜனவரி இரண்டாம் திகதி காலையில் மிஸ்ஸி ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் அந்தத் தகரப் பேணி. கதிரையில் உட்கார்ந்து மூடியைத் திறந்தார். கடதாசிகளுக்குள் வெள்ளையாகப் பூஞ்சணம்.

"நேத்து என்னோட வேலை செஞ்ச மிஸ்ஸிமார் அஞ்சு பேர் வந்தாங்க. அவங்களுக்கு முன்னாலதான் பிரிச்சன்."

 றம்ஸியா எல்லாவற்றையும் சொன்னாள். மிஸ்ஸி கோபப்படவில்லை. பேணியை மூடினார்.

"நானும் முப்பத்திநாலு வருசம் சீனிக்காரருக்கு ஊசி போட்டவள் தான் புள்ள. எனக்குத் தெரியாதா? நான் கிறிஸ்மஸுக்கு விரலளவு ஒரு துண்டுதான் தின்னுவன். மிச்சமெல்லாம் வாற ஆக்களுக்கு." பேணியை மடிக்கு இழுத்துக்கொண்டார். "மகள் அங்கயிருந்து என்ட சாப்பாடு, என்ட நித்திரை எல்லாத்தையும் தீர்மானிக்கிறாள். உன்னட்ட வந்தா நான் கேட்டது கிடைக்கும் எண்டு இருந்தன்."

"மன்னிச்சிருங்க மிஸ்ஸி. புதுசா அடிச்சுத் தாறன்."

"வேணாம். நாள் போயிட்டுது."

தேத்தண்ணி குடிக்காமலே போனார். அதற்குமுன் ஒருநாளும் அவர் அப்படிப் போனதில்லை.

நோன்புப் பெருநாளுக்கு றம்ஸியா வட்டிலப்பம் அனுப்பினாள். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது, நன்றி என்ற ஒரு சொல்லோடு. நேரில் போக வேண்டும் என்று ஒவ்வொரு கிழமையும் நினைத்தாள். வெட்கம் விடவில்லை. செப்டெம்பரில் மிஸ்ஸியின் தெருவால் போனபோது அவர் வீட்டுக் கேற்றில் பூட்டுத் தொங்கியது. மகள் வந்து கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

அன்று பின்னேரமே றம்ஸியா டிலானிக்குக் குரல் பதிவு அனுப்பினாள். "தங்கச்சி, நான் மிஸ்ஸியோட ஒருக்காக் கதைக்கணும். போனை அவங்கட கையில குடுங்களன்."

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. "அம்மா இப்ப ஆரோடயும் கதைக்கிறது குறைவு அக்கா. நீங்க கேட்டதாச் சொல்றன்."

சொன்னாளா இல்லையா, தெரியாது. மிஸ்ஸியின் பழைய நம்பரை றம்ஸியா இரண்டு தடவை அழைத்துப் பார்த்தாள். அது பாவனையில் இல்லை என்று ஒரு பெண் குரல் மூன்று பாஷையிலும் சொன்னது.