வினிகர் குப்பி

திற்பரப்பில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் ரப்பர் மரங்கள் உண்டு. ஒரு நாள் மகள் ஆசைப்பட்டாளே என்று பனீர் செய்தேன். கொதிக்கும் பாலில் வினிகர் ஊற்றியதும் நெடி தூக்கலாக அடித்தது. ஆனால் பால் அழகாகத் திரிந்தது. துணியில் வடித்ததும் மகள் ஒரு துண்டை எடுத்து ஊதினாள்.

ரப்பர் பால் உறைய வைக்கும் கொட்டகையிலிருந்து கணவர் கத்தினார்.

"ரப்பர் பாலுக்கு ஊத்துத ஆசிட்ட எங்கட்டி வச்ச?"

"கேன் ஒழுகுச்சுல்லா, அந்தப் பழைய வினிகர் குப்பியில..."

முடிக்கவில்லை. பாலில் ஊற்றிவிட்டு எடுத்து வைக்கப்போன அந்தக் குப்பி என் கையில் இருந்தது.

மகளின் கையை ஓங்கித் தட்டினேன். வாய்வரை போன பனீர் சுவரில் தெறித்தது.

"எதுக்கும்மா அடிச்ச?" என்று அழுதாள்.

பாலில் பல்லி விழுந்துவிட்டது என்றேன். இன்றுவரை பழி பல்லி மேல்தான். நான் எதைக் கொடுத்தாலும் அவள் முகர்ந்துகூடப் பார்க்காமல் சாப்பிடுகிறாள்.