நாற்காலி இல்லாத இங்கிலீஷ் வகுப்பு

ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுப்பவளைக் கல்யாண வீட்டில்கூட யாரும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வதில்லை. வாயைத் திறந்தால் திருத்திவிடுவாளாம். இந்தத் தொழிலில் இருக்கும் சக பாவிகளுக்கு நான் படும் பாடு புரியும். மலேசியாவின் கிள்ளானில், வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு காலையில் வகுப்பு நடத்துகிறேன். பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள்.

முகூர்த்த ஞாயிறு

கல்யாணங்களுக்கு நாற்காலி வாடகைக்கு விடும் நாதன் அண்ணன் கடையின் மாடியில்தான் வகுப்பு. உட்காரும் நாற்காலியும் அவர் உபயம். முகூர்த்தம் வந்துவிட்டால் ஒன்றுவிடாமல் லோரியில் ஏற்றிவிடுவார். அப்படி ஒரு ஞாயிறு, சப்ஜெக்ட், வெர்ப், ஆப்ஜெக்ட் என்று அட்டை எழுதிக்கொண்டு போனால், எல்லாரும் நின்றுகொண்டிருக்கிறார்கள். எனக்கு வந்ததே கோபம்! நிற்பதுதான் நிற்கிறீர்கள், வாக்கியமாகவே நில்லுங்கள் என்று ஆளுக்கொரு அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டேன்.

போர்ட் கிள்ளான் கிடங்கில் பெட்டி கட்டும் சரோஜா அக்கா சப்ஜெக்ட். லோரி ஓட்டும் மணி அண்ணன் ஆக்ஸிலரி வெர்ப், அதாவது இஸ், கேன் மாதிரி துணைவினை. அவரவர் தன் இடத்துக்கு நடந்துபோய் நின்று தன் சொல்லைச் சொல்ல வேண்டும். கேள்வியாக மாற்றச் சொன்னால் ஆக்ஸிலரி, சப்ஜெக்டைத் தாண்டி முன்னால் போக வேண்டும். ஒரு மாதமாக மண்டையில் ஏறாதது அரைமணியில் ஏறிவிட்டது. மணி அண்ணன் சொன்னார்: "இவ்ளோதானா டீச்சர்? ஓவர்டேக் பண்றது நமக்கு டெய்லி வேலை லா."

பாசார் மாலாமில் ஒரு கூப்பாடு

நாற்காலிகள் திரும்பி வந்த பிறகும் யாரும் உட்காரவில்லை. பெயர்கள்கூட மறந்துபோய், அட்டையே பெயராகிவிட்டது. ஒரு நாள் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் சரோஜா அக்காவைத் தூரத்தில் பார்த்த மணி அண்ணன், "சப்ஜெக்ட் அக்கா!" என்று கத்தியிருக்கிறார். கூட்டமே திரும்பிப் பார்த்ததாம்.

அக்காவுக்கு அப்போது சிரிக்கும் நிலைமை இல்லை. சூப்பர்வைசர் வேலைக்கு மூன்றாவது முறையாக நேர்முகத் தேர்வு வந்திருந்தது. அவர் பழக்கிவிட்ட பிள்ளைகளே அவருக்கு மேலதிகாரிகளாகிவிட்டார்கள். பெரியவர்கள் முன்னால் இங்கிலீஷ் என்றதும் அக்காவுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான் குறை. அன்று சந்தையில் மீன் விற்றவர், அதென்ன பேர் என்று கேட்டதற்கு மட்டும் நிமிர்ந்து பதில் சொன்னாராம்: "எங்க கிளாஸ்ல வச்ச பேரு அண்ணே. நான் வந்து நின்னாத்தான் மத்தவங்க நிப்பாங்க."

மூன்று மேலதிகாரிகள்

நேர்முகத் தேர்வில் அக்காவை உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார். முதல் கேள்விக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. போச்சு என்று நினைத்தவர், சட்டென்று எழுந்து, நிற்கலாமா என்று கேட்டிருக்கிறார். பிறகு மேசைக்கு முன்னால் சப்ஜெக்டுக்கு ஓர் இடம், வெர்புக்கு ஓர் இடம், ஆப்ஜெக்டுக்கு ஓர் இடம் என்று நடந்து நடந்தே பதில் சொல்லியிருக்கிறார். மூன்று தலைகளும் அவரோடு இடமும் வலமும் திரும்பினவாம். பாதி வழியில் பயமே போய்விட்டதாம்.

அடுத்த ஞாயிறு கேசரியோடு வந்தார் சூப்பர்வைசர் சரோஜா. எனக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் தோன்றவில்லை. உட்கார்ந்து பேச வராதா என்று மேனேஜர் கேட்டாராம். அதற்கு அக்கா சொன்ன பதில்: "எங்க கிளாஸ்ல நாற்காலியே கிடையாது பாஸ்."

இப்போது நாதன் அண்ணன் புது நாற்காலியே தருகிறேன் என்கிறார், தலைக்கனம் பிடித்த நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.