தம்பி துடைத்த நெபுலா

டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்த அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அன்று காலை தம்பியின் போட்டோ ஸ்டுடியோவுக்குள் நுழைந்தபோது அது தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"வாசல்ல மாட்டியிருக்கியே, என்னடா அது?"

"உன் படம்தான்க்கா. பெரிசா பிரிண்ட் போட்டு ஃப்ரேம் பண்ணிட்டேன். எப்படி இருக்கு?"

கறுப்பு வானத்தில் ஏழெட்டு நட்சத்திரங்கள், பளிச்சென்று. அவற்றைச் சுற்றியிருந்த நீலப் புகையைக் காணோம்.

அந்தப் புகைதான் படமே. நெபுலா என்பார்கள், விண்வெளித் தூசி. தனக்கென்று வெளிச்சம் கிடையாது, பக்கத்து நட்சத்திரத்தின் வெளிச்சம் பட்டு லேசாகத் தெரியும். "வானத்துல உனக்கு என்ன சொத்தா இருக்கு?" என்று புருஷன் கேலி செய்ய, குளிர்காலம் முழுக்க மொட்டைமாடியில் சின்ன டெலஸ்கோப்பில் கேமராவை மாட்டி நூற்றுக்கணக்கில் எடுத்தாள். அத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால்தான் புகை தலைகாட்டும். வீட்டுக் கம்ப்யூட்டர் பாரம் தாங்காமல் படுத்துவிட்டதால் தம்பியுடையதில் ஏற்றிச் சேர்த்தாள். சொந்தத் தம்பிதானே என்று வேறு பிரதி வைக்கவில்லை.

"புகை எங்கடா?"

"அந்த அழுக்கா? லென்ஸ்ல பூஞ்சை போல. நேத்து பூரா உக்காந்து தொடச்சேன்க்கா, பொண்ணு மூஞ்சில பரு எடுக்கிற மாதிரி."

"ஊரு மூஞ்சியெல்லாம் தொடச்சு தொடச்சு, உனக்கு வானமும் மூஞ்சியாத் தெரியுதா? சரி, தொடைக்காத படமெல்லாம் எங்க?"

தம்பி தலையைச் சொறிந்தான். "கல்யாண வீடியோ ஏத்த இடம் பத்தல. எல்லாம் ஒரே மாதிரி இருட்டா கெடந்துச்சு. அழிச்சுட்டேன்."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த நட்சத்திரங்கள் இப்போது சூரியனோடு சேர்ந்தே மறைகின்றன. இனி அடுத்த குளிர்காலம்தான்.

"இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிற. நானே நீலமா கொஞ்சம் புகை போட்டுத் தரேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்டா, எருமை." எழுந்தாள். "வீடியோவ ஏத்திட்டியா?"

"இனிமேதான்."

அழித்த படங்களின் மேல் வேறு எதுவும் ஏறாதவரை மீட்க வழியுண்டு என்று கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் ஒருமுறை சொல்லியிருந்தார். அக்கா குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஐயோ அக்கா, சாயங்காலம் மாப்ள வீட்டுக்காரங்க வந்து நிப்பாங்களே!"

"அவங்க வீடியோ கேமரா கார்டுல இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப அவங்க கல்யாணம் எங்கயும் ஓடிடாது. இந்தப் பெட்டியத் தூக்கிட்டு வா, ரிப்பேர் கடைக்குப் போறோம். அவரு கெடைக்கும்னு சொல்ற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது."

தம்பி வாயைத் திறக்காமல் தூக்கினான்.