பதினேழாவது வரி

இம்மாகுலேற்றைப் பற்றி எழுதத் தகுதியில்லாத ஆள் ஒருத்தி இருந்தால் அது நான்தான். அவளைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் நல்லவள்போல் நடித்தேன் என்று யாரும் குறை சொல்லக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் பாரிசின் லா சப்பலில், எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கும் ரூ பெர்தொனே தெருப் பக்கம் வந்தால் பார்க்கவேண்டும். நகைக்கடைக்காரர் வாசலுக்கு வந்து கதைப்பார். மரக்கறிக் கடையில் முருங்கைக்காயைத் தாங்களே தெரிந்தெடுத்துப் பையில் போட்டுக் கொடுப்பார்கள். பாரிசுக்கு வடக்கே ஒரு நகரசபையின் தண்ணீர்ப் பகுதியில், கட்டுப்பாட்டு அறைக்கு இன்று அவள்தான் பொறுப்பு. எத்தனையோ ஆயிரம் வீடுகளின் குழாயில் தண்ணீர் வருகிறதா இல்லையா என்பதைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பவள். நகரத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். நானும் அங்கேதான் வேலை செய்கிறேன்.

நான் மிருணாளினி. அதே நகரசபையின் கொள்முதல் பிரிவில் எழுத்தர். பள்ளிக்கூடக் கதிரையிலிருந்து தண்ணீர்க் குழாய்வரை சபை வாங்கும் எதற்கும் கேள்விப்பத்திரம், அதாவது டெண்டர், தட்டச்சு செய்வது என் வேலை. அவளுக்கு ஏழு வருடம் முன்னதாகச் சேர்ந்தவள். அந்த ஏழு வருடத்தை நான் ஒருநாளும் மறந்ததில்லை.

லா சப்பலில் எனக்கும் ஒரு பெயர் இருந்தது. "பேப்பர் அக்கா" என்பார்கள். சனிக்கிழமை காலையில் பெர்தொனேயில் ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்மேசையில் இருப்பேன். வதிவிட அட்டை, பிள்ளைகளுக்கான உதவிப்பணம், வீட்டு விண்ணப்பம் என்று யார் எந்தப் பேப்பரைக் கொண்டுவந்தாலும் பிரெஞ்சில் நிரப்பிக் கொடுப்பேன். காசு வாங்கமாட்டேன். ஒரு தேத்தண்ணியும் இரண்டு வடையும் போதும். சனம் என்னை நம்பியது. நான் எழுதியதைத் திருப்பி வாசிக்காமலே கையெழுத்து வைத்தது. அந்த நம்பிக்கைதான் எனக்குச் சம்பளம்.

2009ஆம் ஆண்டு அந்த மேசைக்கு வந்தவள்தான் இம்மாகுலேற். மன்னார்ப் பெண். புருசன் சவிரிமுத்து ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். ஊரில் போர் முடிய, தொலைபேசியைக் கையில் பிடித்தபடி எல்லோரும் அழுதுகொண்டு திரிந்த வருடம் அது. அவள் அழவில்லை, வேலை கேட்டாள். தண்ணீர் இறைக்கும் நிலையத்தைத் துப்புரவாக்க ஆள் தேவை என்ற அறிவித்தல் அந்த வாரம் என் மேசையைத் தாண்டிப் போயிருந்தது. நானே சொன்னேன், நானே விண்ணப்பக் கடிதமும் எழுதினேன். அவளுக்குப் பிரெஞ்சில் "வணக்கம்", "நன்றி" தவிர எதுவும் தெரியாது.

துப்புரவாக்கப் போனவள் துடைத்துவிட்டு வரவேண்டியதுதானே? திரைக்கு முன்னால் நின்று, இந்தப் பச்சை விளக்கு என்ன, அந்தச் சிவப்பு விளக்கு என்ன என்று பொறியியலாளர் லூசியனைக் கேட்டிருக்கிறாள். அவரும் வேலையில்லாதவர்போலச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். மூன்று வருடத்தில் அவள் கட்டுப்பாட்டு அறை உதவியாளர். பதவி உயர்வுக்கான உள்சோதனையை முதல்முறையிலேயே தாண்டினாள். அதே சோதனையை நான் இரண்டுமுறை எழுதி இரண்டுமுறையும் கோட்டை விட்டவள். பெறுபேறு வந்த அன்று அவள் என் அலுவலகத்துக்கு இனிப்புப் பெட்டியோடு வந்தாள்.

"உங்களாலைதான் அக்கா," என்றாள்.

அந்த லட்டை, அவள் போனதும் பக்கத்து மேசைக்காரிக்குக் கொடுத்துவிட்டேன்.

2013இல் ஒரு மத்தியானம் நடந்ததையும் சொல்லவேண்டும், அதில்தான் எல்லாம் இருக்கிறது. மேட்டிலிருந்த தொட்டியில் தண்ணீர் இறங்கித் திரையில் அலாரம் வந்திருக்கிறது. வேலை முடிந்து போகிற ஆள் "பார்த்தாயிற்று" என்ற பொத்தானை அழுத்திவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விட்டான். பழைய மென்பொருளில் அந்தப் பொத்தானை அழுத்தினால் அலாரம் திரையைவிட்டே போய்விடும், பழுது அப்படியே இருந்தாலும். அடுத்த வேலைமுறைக்கு வந்த இம்மாகுலேற் பார்த்தது துடைத்துவிட்டதுபோல் சுத்தமான திரையை. இரண்டு மணித்தியாலத்தில் மேல்மாடி வீடுகளுக்குத் தண்ணீர் நின்றது. திட்டு அவளுக்கு விழுந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு அலாரத்தையும் மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டுவாள். பழுது தீர்ந்த பிறகுதான் தாளைக் கிழிப்பாள். கூட வேலைசெய்தவர்கள் பகிடி பண்ணினார்கள். அவள் ஒட்டுவதை நிறுத்தவில்லை.

2016இல் சபை புதிய கட்டுப்பாட்டு மென்பொருள் வாங்கத் தீர்மானித்தது. கேள்விப்பத்திரத்தில் எங்களுக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் போகும். அதை வைத்துத்தான் நிறுவனங்கள் விலை சொல்லும், அதை வைத்துத்தான் புள்ளி போடுவோம். அதில் இல்லாததைப் பிறகு கேட்க முடியாது. பட்டியலுக்கு ஒரு குழு போட்டார்கள். கொள்முதல் தலைவி மதலேன், லூசியன், பாவிக்கிறவர்கள் சார்பில் இம்மாகுலேற். அவளுக்கு முன்னால் பெயர் அட்டை வைத்தார்கள். அந்த அட்டையை அச்சடித்தது நான். மூலைக் கதிரையில் இருந்து கூட்டக்குறிப்பு எழுதியதும் நான்.

அதோடு முடிந்திருந்தால் பொறுத்திருப்பேன். இந்த நாட்டில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வாரம் ஒரு வேலையிடத்தில் நின்று பார்த்து அறிக்கை எழுதவேண்டும். என் மகள் சுபாங்கி என்னுடைய அலுவலகத்துக்கு வருவாள் என்று கதிரையெல்லாம் பார்த்து வைத்திருந்தேன். அவள் இம்மாகுலேற்றிடம் போய்விட்டாள்.

"ஏன், என்ரை வேலைக்கு என்ன குறை?" என்று கேட்டேன்.

"உங்கட வேலை பேப்பர், அம்மா. அன்ரியின்ரை வேலை தண்ணி," என்று பாதித் தமிழிலும் மீதிப் பிரெஞ்சிலும் சொல்லிவிட்டுக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள்.

சுபாங்கி அந்த வாரத்தை முடித்த சனிக்கிழமை இம்மாகுலேற் பெர்தொனேக் கடைக்கு வந்தாள். கையில் சதுரக்கோட்டுக் கொப்பித் தாள் ஒன்று, அதில் தமிழில் பதினேழு வரிகள்.

"என்ன இம்மா, பிரெஞ்சிலை எழுதியிருக்கலாமே? இப்ப நல்லாய்க் கதைக்கிறீர்தானே," என்றேன்.

"கதைப்பன் அக்கா. ஆனா யோசிக்கிறதைத் தமிழிலை எழுதினாத்தான் நேராய் வருது. நீங்கள் மாத்தினா பிழை வராது. கடைசி வரிதான் முக்கியம், அதைக் கொஞ்சம் வடிவாய்ப் போட்டுவிடுங்கோ."

கடைசி வரி, பதினேழாவது, இதுதான்: "பார்த்தாயிற்று என்று அழுத்தினாலும், பழுது தீருமட்டும் அலாரம் திரையில் நிற்கவேணும். அழுத்தின ஆளின் பெயரும் பக்கத்தில் நிற்கவேணும்."

லெ பிளாங்-மெனிலில் என் வீட்டுக் குசினி மேசையில் இருந்து மொழிபெயர்த்தேன். பக்கத்தில் சுபாங்கியின் அறிக்கை கிடந்தது. முகப்பில் இம்மாகுலேற் திரைக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கும் படம். பதினாறு வரிகளையும் நல்ல அலுவலகப் பிரெஞ்சில் போட்டேன். பிறகு அந்தப் படத்தைப் பார்த்தேன், பேனையை மூடினேன்.

மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். மறக்கவில்லை. இவள் சொன்னதையெல்லாம் இந்த நாடு கேட்கவேண்டுமா, ஒன்றாவது கேட்காமல் போகட்டுமே என்று நினைத்தேன். அவ்வளவு சின்னப் புத்தி. அந்த வரி இல்லாமல் போனால் இன்னொரு மேட்டில் இன்னொருமுறை தண்ணீர் நிற்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. நினைக்க விரும்பவில்லை.

எண்பது பக்கக் கேள்விப்பத்திரம் வெளியானது. இம்மாகுலேற் அதைப் புரட்டியே பார்க்கவில்லை என்று பிறகு தெரிந்தது. அக்கா எழுதினது, பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பாள்.

மூன்று நிறுவனங்கள் விண்ணப்பித்தன. ஆடி மாதம், புள்ளியில் முன்னால் நின்ற நிறுவனத்தார் மென்பொருளைச் செய்து காட்ட வந்தார்கள். அந்த மாதம்தான் கட்டுப்பாட்டு அறைக்குப் பொறுப்பாளரைத் தெரிவுசெய்ய இருந்தார்கள். இம்மாகுலேற்றின் பெயர் முதலில் நின்றது. எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

படங்கள் அழகாக ஓடின. மதலேன் தலையாட்டிக்கொண்டிருந்தாள். இம்மாகுலேற் கையை உயர்த்தி, "ஒரு அலாரத்தை வரவையுங்கள்," என்றாள் பிரெஞ்சில். வந்தது. "இப்போது பார்த்தாயிற்று என்று அழுத்துங்கள்." செய்துகாட்டியவன் அழுத்தினான். திரை சுத்தமானது.

"அலாரம் எங்கே போனது?" என்றாள்.

விற்கவந்தவன் மரியாதையாகப் பட்டியலைப் புரட்டினான். "அது நிற்கவேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லையே, மேடம்."

மதலேன் தன் பிரதியைப் புரட்டினாள். பதினாறோடு பட்டியல் நின்றது. லூசியன் இம்மாகுலேற் பக்கம் திரும்பினார். "வாரத்துக்கு ஒருமுறை இதைத்தானே சொல்லிக்கொண்டிருப்பாய். இதை எழுதாமல் விட்டாயா?"

அவள் என்னைப் பார்த்தாள். அவள் வாயைத் திறந்தால் என் வேலை போய்விடும். வேலை போனாலும் பரவாயில்லை, லா சப்பலில் அந்தப் பின்மேசைக்கு இனி யாரும் ஒரு பேப்பரும் கொண்டுவரமாட்டார்கள். தமிழ்த் தாள் என்னிடம்தான் இருந்தது, ஆனால் அதில் பதினேழு வரி இருந்தது என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும்.

"ஓம்," என்றாள் தமிழில், என்னைப் பார்த்தபடியே. பிறகு லூசியனிடம் பிரெஞ்சில், "எழுத மறந்துவிட்டேன். என் பிழை," என்றாள்.

கூட்டக்குறிப்பு எழுதுகிறவள் நான். "அந்த வரியைக் குறிப்பிடத் தாம் தவறியதாகத் திருமதி இம்மாகுலேற் ஒப்புக்கொண்டார்" என்று என் கையாலேயே எழுதினேன். எழுத்து ஆடவேயில்லை. பழகிய கை.

தேவையைச் சரியாகச் சொல்லாமல் வாங்க முடியாது என்று மதலேன் அந்தக் கேள்விப்பத்திரத்தையே கைவிட்டாள். எல்லாம் முதலிலிருந்து. மூன்று நிறுவனங்களுக்கும் கடிதம் தட்டச்சு செய்ததும் நான். பொறுப்பாளர் பதவி வேறொருவனுக்குப் போனது. இவ்வளவு முக்கியமானதை மறக்கிறவளிடம் அறையைக் கொடுக்கலாமா என்று கேட்டார்களாம். நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது.

மூன்று சனிக்கிழமை அவள் கடைக்கு வரவில்லை. வாசல் திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன். நாலாவது சனிக்கிழமை வந்தாள், எதிரில் இருந்தாள், இரண்டு தேத்தண்ணிக்குச் சொன்னாள்.

"இம்மா, அண்டைக்கு நான்..." என்று தொடங்கினேன்.

"தேத்தண்ணி ஆறுது அக்கா, குடியுங்கோ." கைப்பையைத் திறந்து இரண்டு தாள்களை எடுத்தாள். ஒரே எழுத்து, ஒன்று மற்றதின் பிரதி. ஒன்றை என்னிடம் தள்ளினாள், மற்றதை மடித்துத் திரும்பப் பையில் வைத்தாள். "புதுப் பட்டியல். இந்தமுறை அலாரத்தை முதலாவதாய் எழுதினனான். கடைசியிலை இருந்தா உங்களுக்குக் கை அலுத்துப்போகும்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன்.

அந்தப் பதினேழு வரிகளையும் அங்கேயே, அவள் முன்னாலேயே, பிரெஞ்சில் எழுதினேன். அவள் தன் பிரதியை வெளியே எடுத்து வரி வரியாகச் சரிபார்த்தாள். இரண்டாவது முறை கேள்விப்பத்திரம் ஒழுங்காகப் போனது. இப்போதுள்ள மென்பொருளில் அலாரம் பழுது தீருமட்டும் நிற்கும், அழுத்திய ஆளின் பெயரோடு. மஞ்சள் தாள்கள் இல்லை.

2018இல் அந்தப் பொறுப்பாளர் வேறு நகரத்துக்கு மாறிப்போனான். பதவி திரும்பவும் காலியானது. அடுத்த சனிக்கிழமை இம்மாகுலேற் கடைக்கு வந்து எதிரில் இருந்தாள்.

"விண்ணப்பக் கடிதம் ஒண்டு எழுதித் தருவீங்களோ அக்கா?"

"என்னட்டையோ?" என்றேன். "நீர் இப்ப நல்லாய் எழுதுவீர்தானே."

"முதல் கடிதமும் நீங்கள்தானே எழுதினனீங்கள்."

எழுதினேன். துப்புரவாக்க வந்தது, விளக்குகளைக் கேட்டது, மஞ்சள் தாள்கள், எல்லாம். நான் எழுதியவற்றில் அதுதான் நல்ல கடிதம். எழுத எழுத எனக்குப் பொறாமை கூடிக்கொண்டே போனது, ஏனென்றால் ஒரு சொல்லையும் மிகைப்படுத்த வேண்டியிருக்கவில்லை. முடித்துத் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். வாசிக்கட்டும், ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்கட்டும் என்று காத்திருந்தேன்.

தண்ணீருக்கு இரண்டு பிரதி எடுத்தவள், தன் கடிதத்தை வாசிக்காமலே கையெழுத்து வைத்தாள். தேத்தண்ணிக் காசைக் கொடுத்துவிட்டு எழும்பிப் போனாள். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.