அறுபது குண்டும் பக்கத்து வீட்டுத் தூக்கமும்

எங்கள் லயத்து வீட்டின் நீளம் பத்து மீட்டர் என்பதை நூறு வருஷமாக யாரும் அளந்து பார்க்கவில்லை. நான் அளந்தேன். முன்னால் திண்ணை மாதிரி இஸ்தோப்பு, நடுவில் படுக்க ஒரு காம்பரா, பின்னால் அடுப்படி. கதவுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில். இஸ்தோப்பு வாசற்படியில் நின்றால் அடுப்படியின் பின்சுவர் பத்து மீட்டரும் ஒரு சாணும். கொழுந்து பறிக்க வந்தவர்களை அடைத்துவைக்கக் கட்டிய வீடு, எயார் ரைபிள் போட்டிக்கென்றே கட்டியது போல அமைந்திருந்தது. அளவு நாடாவைச் சுருட்டியபடி நான் சிரித்த சிரிப்பில் அம்மாவுக்குப் பயமே வந்துவிட்டது.

எனக்கு ஹட்டனில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை இருக்கிறது. காலையில் மட்டும் திறப்பேன். மிச்ச வேலையைப் பிற்பகலில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். எள்ளளவு திருகாணியைக் கை நடுங்காமல் எடுத்து வைப்பதுதான் என் பிழைப்பு. கண்டியில் இந்தத் தொழிலைப் படித்த காலத்தில் விடுதித் தோழி ஒருத்தி பொழுதுபோக்குக்காக ஒரு சுடுதல் கழகத்துக்குக் கூட்டிப் போனாள். முதல் நாள் நான் சுட்ட பத்தில் ஏழு கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தது. அவள் அடுத்த வாரமே அலுத்துப்போய் விட்டுவிட்டாள். நான் இன்றுவரை விடவில்லை.

எயார் ரைபிளில் மருந்தும் கிடையாது, நெருப்பும் கிடையாது. என்னுடையது பழைய வகை, இரண்டாம் கையாக வாங்கியது. உள்ளே கட்டைவிரல் தடிப்பில் ஒரு சுருள்வில். குழாயை மடக்கி இழுத்தால் வில் சுருங்கும். விசையைத் தொட்டால் விரிந்து, காற்றை நெருக்கி, ஈயக் குண்டைத் தள்ளும். குண்டு தட்டைத் தலையாக இருக்க வேண்டும். கூர்த் தலைக் குண்டு கடதாசியைக் கிழிக்கும். தட்டைத் தலைதான் வட்டமாக, சுத்தமாக வெட்டும். புள்ளியை அளக்க அந்த வட்டம் வேண்டும். டின்னைத் திறந்ததும் ஒவ்வொரு குண்டையும் விரலில் உருட்டி, ஓரம் நசுங்கியதை ஒதுக்கிவிடுவேன். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறாய் என்று அம்மா சொல்வார். உண்மைதான்.

துவக்கு வந்த புதிதில் லயத்தில் எல்லோருக்கும் என்னிடம் வேலை இருந்தது. ஒருவருக்குத் தோட்டத்தைக் குடைகிற பன்றியைச் சுட வேண்டும், இன்னொருவருக்குப் பேரிக்காய் மரத்துக் குரங்கை. "நான் கடதாசியை மட்டுந்தான் சுடுவேன்" என்றேன். அன்றிலிருந்து பீலிக்கரையில் எனக்குப் பெயர் 'கடதாசியைக் கொல்ற பொண்ணு'. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் யாராவது ஒருத்தி, "இன்னைக்கு எத்தன கடதாசி செத்துச்சு?" என்பாள். எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு வருவேன்.

துவக்குக்கான பொலிஸ் அனுமதிப் பத்திரம் என் பெயரில் இருந்தது. லயம் தோட்டத்துச் சொத்து, வீடு அம்மாவின் பெயருக்குக் கொடுத்தது என்பதால் தோட்ட மனேஜரான துரையின் அனுமதிக் கடிதமும் வேண்டியிருந்தது. கடிதத்தில் கையெழுத்திடும்போது துரை ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"ஒரு கம்ப்ளேன் வந்தா, கடிதம் கேன்சல்."

"வராது சேர்" என்றேன். எனக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

எங்களுடையது லயத்தின் கடைசி வீடு. ஒரு பக்கம் மட்டுந்தான் அயல்வீடு. நடுவில் ஒற்றைச் சுவர். அந்த வீட்டு அண்ணனுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை நசுக்குகிற ரோதை அறையில் ராத்திரி வேலை. காலையில் வந்து, சாப்பிட்டு, விறகு பிளந்து, மத்தியானத்துக்கு மேல்தான் படுப்பார். அவர் படுக்கிற நேரமும் நான் துவக்கை எடுக்கிற நேரமும் ஒன்று. இதை நான் யோசிக்கவே இல்லை. மூன்றாம் வாரம் அவர் போர்வையோடு வாசலில் வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

"தங்கச்சி, கோவிச்சுக்காத. கொஞ்சம் மெதுவா சுட முடியுமா?"

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்; எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் கெஞ்சினார். அது என்னை என்னவோ செய்தது.

அன்றைக்கே துவக்கைப் பிரித்து மேசையில் பரப்பினேன். சுருள்வில்லில் பழைய எண்ணெய் காய்ந்து போயிருந்தது. துடைத்து, கெட்டியான கிரீஸ் தடவி, தேய்ந்த தோல் வளையத்தை மாற்றிப் பூட்டினேன். முன்பு சுட்டால் 'டொய்ங்' என்று ஒரு நடுக்கம் தோளில் ஓடும். இப்போது இருமலை அடக்கியது போல ஒரு சின்னச் சத்தம்தான். பெருமையாக இருந்தது. மறுநாள் அறுபது குண்டும் சுட்டுவிட்டு, அவர் வாசலுக்குப் போய்க் கேட்டேன்.

"இப்ப பரவாயில்லையாண்ணே?"

"பரவாயில்லம்மா" என்றார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம்.

பொய் சொல்கிறார் என்று தெரிந்தது. என் துவக்கைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சுடுவதும் நான், கேட்பதும் நான் என்றால் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. ஆனால் என்னிடம் கைப்பேசிகளுக்கா பஞ்சம்? அடுத்த நாள் அவர் மனைவியிடம் சொல்லி, அவருடைய கட்டிலின் தலைமாட்டில் ஒன்றைப் பதிவில் போட்டு வைத்துவிட்டு வந்து சுட்டேன். முடிந்ததும் எடுத்துவந்து காதில் வைத்தேன்.

துவக்குச் சத்தம் பதிவில் கிட்டத்தட்ட இல்லை. இருந்தது வேறு. குண்டு போய் விழுவதற்கு ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் இரும்புத் தகடு வைத்து, கூரை மரத்தில் தொங்கவிட்டிருந்தேன். அந்த மரம் எங்கள் வீட்டோடு முடியவில்லை. சுவரைத் தாண்டி அவர் கட்டிலுக்கு நேர் மேலே ஓடுகிறது. ஒவ்வொரு குண்டுக்கும் அவர் தலைக்கு மேல் 'டணார்' என்று யாரோ சட்டியைப் போட்டு உடைக்கிறார்கள். தகடு என் வீட்டில், சத்தம் அவர் வீட்டில்.

இன்னொன்றும் பதிவில் இருந்தது. ஒவ்வொரு டணாருக்குப் பிறகும் அவருடைய குரல், தூக்கக் கலக்கத்தில், மெல்ல: "நாப்பத்தஞ்சு... நாப்பத்தாறு... நாப்பத்தேழு..."

ஒரு போட்டிக்கு அறுபது குண்டு என்று எப்போதோ அவரிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறேன். மனுஷன் அறுபது முடிந்தால் தூங்கலாம் என்று படுத்தபடி எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். கைப்பேசியைக் கீழே வைத்தேன். வெட்கமாக இருந்தது.

தகட்டைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு மரப்பெட்டி செய்தேன். அடுப்படித் தரையில் கல் அடுக்கி அதன் மேல் வைத்தேன். கூரை மரத்தையும் தொடாது, சுவரையும் தொடாது. உள்ளே எதை நிரப்புவது என்பதுதான் கேள்வி. துணி போட்டேன், குண்டு ஊடுருவியது. மணல் போட்டேன், முன்னால் ஒட்டிய கடதாசி கிழியக் கிழிய மணல் கொட்டியது. அண்ணன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கழிவுத் தூள் போட்டுப் பாரும்மா. காம்பும் நாருமா இருக்கும், கொட்டாது. ஸ்டோருல மலையா கிடக்கு."

அரைச் சாக்கு கொண்டுவந்தார். பெட்டியில் அழுத்தி நிரப்பி ஒரு குண்டு சுட்டேன். 'புஸ்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வீடு முழுக்கத் தேயிலை வாசனை. சிறிது நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குறட்டை கேட்டது. அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே சுட்ட வாரங்களில்தான் என் புள்ளி ஏறியது. கண்டியில் மாகாண அணிக்கான தெரிவுப் போட்டிக்கு என் பெயரையும் எழுதிக்கொண்டார்கள்.

இப்போது நினைத்தால் என்னையே அறையலாம் போலிருக்கிறது. கழிவுத் தேயிலையில் ஒரு பிடிகூடத் தொழிற்சாலைக் கதவைத் தாண்டக் கூடாது. வெளியே அதை வாங்கி நல்ல தூளில் கலந்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது தெரியாத சட்டமா? எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் அது தேயிலையாகத் தெரியவில்லை, பஞ்சாகத் தெரிந்தது. சுடச் சுடத் தூள் அமுங்கியது. மேலே போட அண்ணன் இன்னும் கொஞ்சம் எடுத்துவரும்போது கதவடியில் வாட்சர் பையைத் திறந்து பார்த்துவிட்டார்.

இது எனக்கு இரண்டு நாள் தெரியாது. பிற்பகலில் குறட்டை கேட்கவில்லை என்பதை மட்டும் கவனித்தேன். மூன்றாம் நாள் பீலிக்கரையில் பக்கத்து வீட்டு அண்ணி வாளியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அவர வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க. வியாழக்கிழம விசாரணையாம். அடுப்பு பத்த வைக்க எடுத்தேன்னு சொல்லிட்டு வந்திருக்காரு. யாரு நம்புவா?"

"ஏன் அப்படிச் சொன்னாரு? எனக்குன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"ஒன் பேரச் சொன்னா தொர கடிதத்தப் புடுங்கிருவாராம். போட்டி முடியட்டும்னாரு."

அண்ணி அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். என் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

எங்கள் விளையாட்டில் ஒரு பழக்கம் உண்டு. சுட்டதும் குண்டு எங்கே போனது என்று பார்க்கக் கூடாது. முதலில் பத்துக்கு எத்தனை புள்ளி, எந்தப் பக்கம் என்பதை வாயால் சொல்ல வேண்டும்: 'ஒன்பது, இடப் பக்கம்' என்று. பிறகுதான் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுச் சொல்வது யாருக்கும் முடியும். சொல்லிவிட்டுப் பார்க்கிறவளுக்குத்தான் தன் கை என்ன செய்தது என்று விளங்கும். இதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு கர்வமே உண்டு.

வியாழக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஒபீசுக்குப் போனேன். துரை, தொழிற்சாலையைப் பார்க்கும் டீமேக்கர், வாட்சர் மூவரும் இருந்தார்கள். அண்ணன் சுவரோரம் நின்றார். என்னைக் கண்டதும் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மேசையில் செய்தித்தாளை விரித்துப் பெட்டியைக் கவிழ்த்தேன். தூள் கொட்டியது, கூடவே சப்பட்டையான ஈயக் குண்டுகள், நூற்றுக்கணக்கில், மேசையில் உருண்டு ஓடின. ஒன்று துரையின் தேநீர்க் கோப்பையில் முட்டி நின்றது.

"இதென்ன?" என்றார் துரை.

"அவர் எடுத்த தூள் சேர். அடுப்புக்கு இல்ல, என் துவக்குச் சத்தத்துக்கு."

டீமேக்கர் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார். விரலில் ஈயக் கறை. "இத ஒருத்தனும் விக்க ஏலாது சேர்" என்றார்.

துரை என்னைப் பார்த்தார். "நீங்க கேட்டீங்களா?"

நான்தான் கேட்டேன் என்று சொல்லிவிடலாம். அண்ணனுக்கு அது நல்லது. ஆனால் அது நடந்தது அல்ல.

"அவர் சொன்னாரு, நான் வேணும்னேன். தப்புன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். வேணான்னு சொல்ல எனக்கு வாய் இருந்துச்சு, நான் சொல்லல. என் சத்தத்தால அவருக்குத் தூக்கம் இல்லாமப் போனதுல ஆரம்பிச்சது இது."

"அப்ப, கம்ப்ளேன் இருந்திருக்கு."

"இருந்துச்சு சேர்."

அதைச் சொல்லும்போதே கடிதம் போய்விட்டது என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், மறுநாளிலிருந்து வேலை. எனக்கு அனுமதி ரத்து. துவக்கு அன்று மாலைக்குள் தோட்டத்தை விட்டுப் போக வேண்டும். அன்றைக்கே பஸ் ஏறிக் கழகத்து அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் மலை மூடுபனியைப் பார்த்துக்கொண்டு அழுதேன். தெரிவுப் போட்டிக்குப் பதினேழு நாள் இருந்தது.

அழுது முடித்ததும் வழக்கமான புத்தி வந்துவிட்டது. துவக்குத்தானே இல்லை, கையும் கண்ணும் மூச்சும் என்னோடுதானே இருக்கின்றன? மண்வெட்டிப் பிடியில் துவக்கின் எடைக்குத் தண்ணீர்ப் போத்தல்களைக் கட்டினேன். இஸ்தோப்பில் நின்று, அடுப்படிச் சுவரில் ஒரு கறுப்புப் புள்ளியைப் பார்த்து, மூச்சை நிறுத்தி, மனதால் சுட்டு, குண்டு எங்கே போனது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். தினமும் அறுபது. துளிச் சத்தம் இல்லை.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, சுவரில் யாரோ தட்டினார்கள்.

"தங்கச்சி, நீ சுடுறியா இல்லியா?"

"சுடுறேண்ணே. துவக்கு இல்லாம."

"ஒண்ணுமே கேக்கல. எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குது. எத்தனையாவது?"

சிரிப்பை அடக்க முடியவில்லை. போத்தல்கள் ஆடின. "இருவத்திரெண்டு" என்றேன். அதன் பிறகு ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணினேன். முப்பதைத் தாண்டுவதற்குள் அந்தப் பக்கம் குறட்டை கேட்டது.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. பதினேழு நாள் துவக்கைத் தொடாத தோள், முதல் பத்தில் கொஞ்சம் முரண்டு பிடித்தது. பிறகு வழிக்கு வந்தது. நாற்பத்தேழாவது குண்டை மட்டும் கெடுத்தேன். விசையைத் தொட்ட கணமே 'எட்டு, கீழே' என்று சொன்னேன், எட்டுத்தான், கீழேதான். மற்றவை சொல்லி வைத்த இடத்தில் விழுந்தன. பட்டியலில் கடைசிப் பெயராக என் பெயர். கடைசியோ முதலோ, அணியில் நான் இருக்கிறேன்.

துவக்கைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. பக்கத்து வீட்டு எண். மணி மத்தியானம் இரண்டு. முதல் நாள் ராத்திரியெல்லாம் ரோதையோடு நின்ற மனுஷன் தூங்கியிருக்க வேண்டிய நேரம்.

"அறுபதும் முடிஞ்சிச்சாம்மா?"

"முடிஞ்சிச்சுண்ணே" என்றேன். "இனித் தூங்குங்க."