வளைந்த மூன்று தகடுகள்

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் இருக்கிறது. போர்விமானம் ஒன்று சக்கரமில்லாமல் வயிற்றால் தரையில் கிடக்கிறது. மூக்கிலுள்ள புரொப்பெல்லரின் மூன்று தகடுகளும் ஒரே அளவில் பின்னோக்கி வளைந்திருக்கின்றன. ஓரத்தில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நிற்கும் இளம் விமானி, பிற்காலத்தில் பிளாக்ஹவுஸ் பேயில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தவர். தெருவில் எல்லோருக்கும் அவர் லெப்டினன்ட்.

நாங்கள் இலங்கையிலிருந்து இங்கே குடிவந்த இரண்டாவது வருடம் அவர் என்னிடம் வந்தார். என் தட்டச்சுச் சத்தம் வேலிக்கு அப்பால் கேட்டிருக்கிறது. அவருடைய பழைய படைப்பிரிவினர் ஒன்றுகூடலுக்கு ஒரு நினைவு மலர் போடுவதாகவும், தரையிறங்கும்போது நடந்த விபத்துகளைப் பற்றி அதில் தான் எழுதவேண்டும் என்றும் சொல்லி உதவி கேட்டார். சனிக்கிழமைகளில் அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். ஒருவர் ஓடுபாதை முடிந்த பிறகும் நிற்காமல் தென்னந்தோப்புக்குள் போனார். இன்னொருவர் சேற்றில் பிரேக்கை அழுத்தி விமானத்தை மூக்கில் நிறுத்தினார். மூன்றாமவர் பக்கக் காற்றில் சுழன்று எரிபொருள் வண்டியை இடித்தார். மூன்றிலும் தவறு விமானியுடையது. லெப்டினன்ட் சிரித்துச் சிரித்துச் சொன்னார். நான்காவது அவருடைய விபத்து. அதில் மட்டும் தவறு மெக்கானிக்குடையது. எண்ணெய்க் குழாயைச் சரியாக முறுக்காமல் விட்டதால் எஞ்சின் வானிலேயே இறுகி நின்றுவிட்டதாம். சக்கரங்களை இறக்க நேரமில்லையாம். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

மெக்கானிக்கைச் சமையற்கூடத்துக்கு மாற்றினார்கள். போருக்குப் பிறகும் அவர் எஞ்சின் வேலைக்குப் போகவில்லை. இப்போது ரானுயியில் இருக்கிறார், ஒன்றுகூடலுக்கு வருவார் என்றும் லெப்டினன்டே சொன்னார். அப்படியானால் அந்த மனிதர் தன் மேல் விழுந்த பழியை நாற்பது வருடங்களுக்குப் பிறகு அச்சில் வாசிக்கப்போகிறார். அதைத் தட்டச்சு செய்தவன் நானாக இருப்பேன். அன்றிரவு நாட்குறிப்பைப் புரட்டினேன். இரண்டு வாரத்துக்கு முன் லெப்டினன்ட் இதே கதையைச் சொன்னபோது எஞ்சின் நிற்கவில்லை, இருமியது என்று குறித்திருந்தேன்.

வேறொன்றையும் குறித்திருந்தேன். தினமும் மாலை ஐந்து நாற்பதுக்கு அவருடைய கார் வரும். கராஜுக்குள் திருப்புமுன் நிறுத்துவார். இடது கையைத் தொடைக்கருகே கீழே அழுத்தி, உதடசைத்து ஏதோ சொல்லுவார். பிறகுதான் உள்ளே போவார். ஒருநாள் வேலியோரம் நின்று காதுகொடுத்துக் கேட்டேன். “சக்கரம் கீழே” என்றார், யாருமில்லாத காருக்குள். எண்ணெய்க் குழாய் கழன்றுபோன விமானி இப்படிச் செய்வாரா, சக்கரத்தை இறக்க மறந்துபோன விமானி செய்வாரா?

“இஞ்சாருங்கோ, உங்களுக்கேன் இந்த ஆராய்ச்சி?” என்றாள் மனைவி. “அந்த மனிசன் வாளி வாளியாய் எலுமிச்சம்பழம் தாறார். நீங்கள் வேலிக்குப் பின்னால நிண்டு சீஐடி வேலை பாக்கிறியள்.”

அடுத்த சனிக்கிழமை மலரில் சேர்க்க இந்தப் படத்தைக் கொண்டுவந்தார். வெகுநேரம் பார்த்தேன். நின்றுபோன புரொப்பெல்லரில் கீழ்நோக்கி இருக்கும் தகடுதானே தரையில் படும்? மேலே இருப்பது நேராகவே இருக்கவேண்டும். சுழன்றுகொண்டிருந்தால்தான் மூன்றும் வளையும்.

“மூன்றும் எப்படி வளைந்தன?” என்று கேட்டேன்.

“நீங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியிலா வேலை பார்க்கிறீர்கள்?” என்று சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எலுமிச்சம்பழமும் நின்றது.

மலர் வந்தபோது அதில் மூன்று விபத்துகள் மட்டுமே இருந்தன. பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. பேச்சில்லாமலே இரண்டு வருடம் போனது. போன குளிர்காலத்தில் அவர் இறந்தார். அவருடைய மகள் என் பெயர் எழுதிய உறையொன்றைத் தந்துவிட்டுப் போனாள். உள்ளே இந்தப் படம். பின்பக்கத்தில் அவருடைய கையெழுத்தில் மூன்று வரி: “எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் மறந்தேன். குழாய் சரியாகவே இருந்தது.” ரானுயிக்குக் காரில் அரைமணி நேரம்கூட இல்லை. அந்தத் தூரத்தைத் தான் போகாமல் என்னைப் போகவைக்கத்தான் இதை எனக்கு அனுப்பினார் என்று இன்றும் சந்தேகப்படுகிறேன்.

போனேன். மெக்கானிக் மெலிந்த மனிதர். லெப்டினன்டிடம் நான் கேட்டதைச் சொல்லிப் படத்தைக் கொடுத்தேன். படத்தின் பின்பக்கத்தை வாசித்தார். முகம் மாறவில்லை. திருப்பி, புரொப்பெல்லரின் மேல் விரலை வைத்தார்.

“இதைக் கழற்றியதே நான்தான். மூன்றும் வளைந்திருந்ததை அன்றே பார்த்தேன்.”

“ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை?”

“சொன்னேன். விமானி சொன்னதை எழுதிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.” படத்தை என் பக்கம் தள்ளினார். “கேட்டது நீங்கள் ஒருவர்தான். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.”

அதனால்தான் இது என் மேசையில் இருக்கிறது. இப்போது மாலை ஐந்து நாற்பது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவருடைய கார் நிற்காமல் நேரே கராஜுக்குள் போகிறது. நான் படத்தில் தகடுகளை எண்ணுகிறேன். மூன்று.